கம்பியில் ஓடுவது கானம் அன்று!

வெளிநாட்டில் வாழும் மாமனோ சித்தப்பனோ ஊருக்கு வரும்பொழுது கொண்டுவரும் பொருள்களுள் ஒன்று மின்னிசைக் கீபோட். எங்கள் பகுதியில் இதனை ‘ஓகன்’ என்றும் வழங்குவர். வந்த புதிதில் வீடெங்கும் ஒரே இசைமழை; அயலவருக்குத் தூக்கம் இல்லை. ஆறு மாதம் கழிந்ததும் அது பழஞ்சேலை ஒன்றினாற் போர்த்தப்பட்டு அலுமாரியின் மேல் ஏறிவிடும். அதே வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய கணினியும் இருக்கும். இவ்விரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டால் எத்தனையோ பயன்களைப் பெறலாம் என்பதைப் பலர் அறியார். அறிந்தவர்களுட் சிலரும் முதல் முயற்சியிலேயே மனந்தளர்ந்து விட்டுவிடுகின்றனர். அவ்வாறு மனந்தளர்ந்த ஒரு குடும்பத்தின் கதையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி ஒரு முதியவர் இருக்கின்றார். பாடசாலையில் சங்கீதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். சிறுவர்களுக்கென்று அவர் தாமே இயற்றி மெட்டமைத்த பாடல்கள் இருபதுக்கு மேல் உண்டு. அவற்றில் ஒன்றேனும் தாளில் சுரப்படுத்தி எழுதப்படவில்லை. எல்லாம் அவருடைய நெஞ்சிலும் விரலிலுமே இருந்தன. இப்பொழுது குரல் கம்மிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது. அவருடைய பேத்தி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவள். தான் ஊரை விட்டுப் போவதற்குள் அப்பப்பாவின் பாடல்களைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

கனடாவிலிருந்து வந்த கீபோட்டை அலுமாரியிலிருந்து இறக்கினாள். கணினிக்கும் அதற்கும் இடையே கம்பியைப் பூட்டினாள். ஒலிப்பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பப்பாவை வாசிக்கச் சொன்னாள். அவர் அரைமணி நேரம் வாசித்தார். கீபோட்டிலிருந்து நாதம் எழுந்தது. கணினியிலோ ஒரு சிறு முனகலும் பதியவில்லை. பட்டினத்துக் கடை ஒன்றிற் காட்டியபொழுது, உள்ளே ஏதோ கருகிவிட்டது என்று சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கேட்டார்களாம்.

“மாஸ்டர், இது பழுதாய்ப் போச்சாம். அப்பா நாளைக்குக் கடைக்குக் குடுக்கப் போறார். நீங்கள் ஒருக்கால் வந்து பாப்பீங்களோ?” என்று அப்பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

போய்ப் பார்த்தேன். கீபோட்டில் ஒரு பழுதும் இல்லை. கம்பியும் நல்ல கம்பியே. பழுது, கம்பிக்குள் என்ன ஓடுகின்றது என்று அவர்கள் எண்ணிய எண்ணத்தில் இருந்தது.

கம்பியில் ஓடுவது யாது?

நம்மில் அநேகர், கீபோட்டையும் கணினியையும் இணைக்கும் கம்பியில் ஓசை ஓடுகின்றது என்றே கருதுகின்றோம். வானொலியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியைப் பார்த்துப் பழகியதால் உண்டான கருத்து இது. கீபோட்டின் கம்பியிலோ ஓசை ஓடுவதில்லை. அதில் ஓடுவன வெறும் எண்கள். ‘இந்தக் கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, இப்பொழுது விடப்பட்டது’ என்னும் செய்திகளே அவ்வெண்கள். ஒரு வித்துவான் பாடுவதைக் கேட்பதற்கும், அருகிலிருந்து ஒருவர் அதனைச் சுரப்படுத்தி எழுதிய தாளைப் பெறுவதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ அவ்வளவு வேறுபாடு இங்கும் உண்டு. தாளைக் காதில் வைத்தால் கேட்குமா?

இச்செய்திகளை எழுதும் முறைக்கு ‘மிடி’ என்று பெயர். இசைக் கருவிகளுக்கான இலக்கமுறை இடைமுகம் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது.

மாணவர்கள் விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஓர் உதாரணம் தருகின்றேன். கீபோட்டின் நடுவே உள்ள சட்சக் கட்டையை, அதாவது நம்மவர் ஒரு கட்டைச் சுருதி என்பதை, அழுத்துவோம். கம்பியில் மூன்று எண்கள் செல்கின்றன: 144, 60, 90. முதலாவது எண், ‘முதலாம் தடத்தில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது’ என்கிறது. இரண்டாவது எண், எந்தக் கட்டை என்கிறது. 0 முதல் 127 வரை 128 கட்டைகளுக்கு இலக்கமிடப்பட்டிருக்கின்றது. நடுச் சட்சத்தின் இலக்கம் 60. மூன்றாவது எண், அழுத்திய வேகத்தைக் காட்டுகின்றது. 1 என்றால் மிக மெல்ல. 127 என்றால் மிக வேகமாக. விரலை எடுத்தவுடன் வேறொரு செய்தி சென்று அந்தச் சுரத்தை நிறுத்துகின்றது.

விரலின் வேகத்தைக் கருவி எவ்வாறு அறிகின்றது என்று கேட்கலாம். பெரும்பாலான கீபோட்டுகளில் ஒவ்வொரு கட்டையின் கீழும் இரண்டு தொடுகைகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்பொழுது ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் மூடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே சென்ற நேரத்தைக் கருவி அளந்து, அதனை ஓர் எண்ணாக்கிவிடுகின்றது. விலை மிகக் குறைந்த கருவிகளில் இவ்வசதி இராது. அவை எப்படி அழுத்தினாலும் ஒரே எண்ணையே அனுப்பும்.

இந்த எண்கள் ஓடும் வேகமும் அறியத்தக்கது. 1983இல் வகுத்த முறைப்படி ஒரு செக்கனில் 31,250 பிட் செல்லும். ஒவ்வோர் எண்ணையும் அனுப்ப, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து 10 பிட் வேண்டும். மூன்று எண்களுக்கு 30 பிட். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு சுரத்தின் செய்தி சென்றடைய ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகின்றது.

இனி, அந்த வீட்டில் நடந்தது என்ன என்பது வெளிப்படை. அப்பெண் திறந்துவைத்திருந்த மென்பொருள் ஓசையைப் பதிவுசெய்வது. கம்பியில் வந்ததோ எண்கள். சில புதிய கருவிகள் அதே கம்பியில் ஓசையையும் அனுப்பவல்லன. அவர்களுடையது அவ்வகையைச் சேர்ந்ததன்று. கம்பியை மாற்றவில்லை, கருவியைத் திறக்கவில்லை. மிடிச் செய்திகளைப் பதிவுசெய்யும் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றி, அதன் பட்டியலில் கீபோட்டின் பெயரைத் தெரிவுசெய்தோம். பேத்தி ஒரு கட்டையைத் தொட்டாள். திரையில் ஒரு சிறு கோடு தோன்றிற்று. “அம்மா! இங்கை வந்து பாருங்கோ!” என்று அவள் கூவியது ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும்.

போட்டியாளர் கூடிச் செய்த பொதுமொழி

இவ்வளவு எளிதான காரியம் எக்காலத்தும் எளிதாக இருந்ததன்று. 1970களில் மின்னிசைக் கருவிகளைச் செய்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியே சென்றன. ஒரு சாரார் மின்னழுத்தத்தை ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும்படி அமைத்தனர். மற்றொரு சாரார் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதமாக அழுத்தத்தை அமைத்தனர். ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கியவர் அடுத்த கருவியையும் அங்கேயே வாங்க வேண்டும். இன்றேல் இரண்டும் ஒன்றோடொன்று பேசமாட்டா.

இந்நிலையை மாற்ற முன்வந்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ஜப்பானியராகிய இக்குதாரோ காகெஹாஷி. 1930இல் ஒசாக்காவில் பிறந்த இவர், இளமையிலேயே பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். கடிகாரம் திருத்திப் பிழைத்தவர். தாமும் அதே நோய்வாய்ப்பட்டுச் சில ஆண்டுகள் மருத்துவமனையிற் கிடந்து, அப்பொழுது புதிதாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தினால் உயிர்தப்பியவர். பின்னர் 1972இல் ரோலண்ட் என்னும் நிறுவனத்தை நிறுவினார். மற்றவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவ் ஸ்மித். சீக்குவென்ஷல் சேர்க்கிற்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை நடத்தியவர்.

எல்லா நிறுவனங்களின் கருவிகளுக்கும் ஒரு பொதுமொழி வேண்டும் என்ற பேச்சை 1981இல் காகெஹாஷி அமெரிக்க உற்பத்தியாளரிடையே தொடக்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஸ்மித், தம்முடன் பணியாற்றிய செற் வூட் என்பவருடன் சேர்ந்து, ஒலிப்பொறியியலாளர் சங்கத்தில் அத்தகைய மொழிக்கான திட்டம் ஒன்றை முன்வைத்தார். யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களும் உரையாடலில் இணைந்தன. சந்தையிற் கடும் போட்டியாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து செய்த வேலை இது.

1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைப்பொருள் வணிகர் கண்காட்சியில், ஸ்மித்தின் புரொஃபெற்-600 என்னும் கருவியையும் ரோலண்டின் ஜுப்பிற்றர்-6 என்னும் கருவியையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினர். ஒன்றை வாசிக்க மற்றையது ஒலித்தது. அதே ஆண்டில் மிடியின் முதல் விதிநூலும் வெளியாயிற்று. அதனைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் ஏதும் கேட்பதில்லை என்பது அவர்களின் முடிவு. யார் வேண்டுமாயினும் அம்மொழியில் பேசலாம். ஆதலால் அது உலகெங்கும் பரவிற்று. 1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. என்னும் வீட்டுக் கணினியில் மிடிக்கான வாயில்களை உடன் வைத்தே செய்திருந்தார்கள். 1999இல் யூ.எஸ்.பி. கம்பி வழியே மிடியை அனுப்பும் முறையும் வகுக்கப்பட்டது.

காகெஹாஷியும் ஸ்மித்தும் 2013இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருதைப் பெற்றனர். முன்னவர் 2017இலும் பின்னவர் 2022இலும் காலமாயினர். அவர்கள் அன்று வகுத்த எண்கள் மாறவில்லை. 1983இற் செய்த கருவியை இன்று வாங்கிய கணினியோடு தகுந்த இணைப்பியின் துணையால் சேர்த்தால், 60 என்றால் நடுச் சட்சம் என்று இரண்டும் இன்றும் ஒத்துக்கொள்கின்றன. 2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபொழுதும், பழைய கருவிகளைக் கைவிடாத வகையிலேயே அதனை அமைத்தார்கள்.

இணைக்கும் முறை

இனி, வீட்டில் முயல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

உங்கள் கீபோட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சதுரம்போன்ற சிறு யூ.எஸ்.பி. வாயில் இருந்தால், அச்சுப்பொறிக்குப் பூட்டும் கம்பியே பெரும்பாலும் போதுமானது. கணினி அதனைத் தானாகவே இனங்கண்டுகொள்ளும்.

பழைய கருவியாயின், ஐந்து துளைகள் கொண்ட வட்டமான வாயில்கள் இருக்கும். அவற்றில் மிடிக்கு வேண்டியவை மூன்று துளைகளே. மற்ற இரண்டும் வெறுமையாக இருக்கும். இத்தகைய கருவிக்கு, ஒரு முனையில் யூ.எஸ்.பி.யும் மறுமுனையில் இரண்டு வட்டச் செருகிகளும் உள்ள இணைப்பி வேண்டும். கருவியின் ‘வெளி’ வாயிலிலிருந்து புறப்படும் செய்தி, கணினியின் ‘உள்’ வாயிலுக்குப் போதல் வேண்டும். இரண்டையும் மாற்றிப் பூட்டிவிடுவதே பலரும் செய்யும் பிழை. செய்தி வராவிட்டால் இரண்டு செருகிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். அதனாற் கருவிக்குக் கேடில்லை. இந்த வாயிலின் உட்புறத்தில் மின்சாரம் நேராகச் செல்வதில்லை. வந்த மின்துடிப்பு அங்கே ஒரு நுண்ணிய விளக்கை மின்னச் செய்ய, அதன் ஒளியை எதிரே உள்ள மற்றொரு பகுதி கண்டு செய்தியாக்குகின்றது. இரண்டு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாததால், ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறுவதும் இல்லை. இக்கம்பியின் நீளம் 15 மீற்றரைத் தாண்டலாகாது.

மென்பொருள்களைப் பொறுத்தவரை, வாசித்ததை மேனாட்டு இசைக்குறியாக எழுதிக்கொள்ள ‘மியூஸ்ஸ்கோர்’ என்பதும், பல தடங்களாகப் பதிவுசெய்ய ‘எல்.எம்.எம்.எஸ்.’ என்பதும் விலையின்றிக் கிடைக்கின்றன.

இரண்டு தொல்லைகள் நேரக்கூடும். ஒன்று, ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ஓசை கேட்பது. கீபோட் தானும் ஒலிக்கின்றது, கணினியும் ஒலிக்கின்றது. கீபோட்டில் ‘லோக்கல்’ என்னும் அமைப்பை நிறுத்திவிட்டால், அல்லது அதன் ஓசையை முற்றாகக் குறைத்துவிட்டால், இது தீரும். மற்றையது, கணினியின் ஓசை விரலுக்குப் பின்தங்கி வருவது. கணினி ஓசையைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டியே வெளியே அனுப்புகின்றது. ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில், 1,024 மாதிரிகள் கொண்ட பொட்டலம் கட்டி முடிய ஒரு செக்கனின் ஆயிரத்தில் 23 பங்கு செல்லும். 256 ஆயின் 6 பங்குக்கும் குறைவு. எனவே மென்பொருளின் அமைப்புப் பகுதியிற் பொட்டலத்தின் அளவைக் குறைத்துவிடுங்கள். மிகவும் குறைத்தால் ஓசை வெடித்து வெடித்து வரும். அப்பொழுது சிறிது கூட்டிக்கொள்ளலாம்.

அப்பப்பாவின் பாட்டு

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். அன்று மாலையே முதியவர் கீபோட்டின் முன் அமர்ந்தார். மோகன இராகத்தில் அமைந்த ஒரு சிறுவர் பாட்டை வாசித்தார். திரையிற் கோடுகள் வரிசையாக எழுந்தன. முடிந்ததும் பேத்தி கணினியை வாசிக்கச் செய்தாள். தம்முடைய விரல்கள் மடியில் இருக்க, தாம் வாசித்த பாட்டுத் தாம் வாசித்தபடியே கேட்பதை முதியவர் தலையசைத்து இரசித்தார். ஓரிடத்திற் சற்றே தயங்கி எடுப்பார். அத்தயக்கமும் அப்படியே இருந்தது. மோதிர விரல் சிறிது பலம் குன்றியது. அவ்விரல் தொட்ட சுரங்களின் எண் மற்றவற்றிலும் குறைந்திருந்தது. 

பேத்தியின் சுருதி ஐந்து கட்டை. முதியவர் வாசித்தது ஒரு கட்டையில். எல்லாச் சுரங்களின் இலக்கத்தோடும் ஏழைக் கூட்டும்படி கணினியைப் பணித்தோம். 60 என்பது 67 ஆயிற்று. காலவேகம் மாறாமல் பாட்டு அவளுடைய சுருதிக்கு ஏறியது. அவள் கூடவே பாடினாள். அந்த வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு பிந்திவிட்டது.

மறுநாள் முதியவர் தோடியில் அமைந்த தம் பாடல் ஒன்றை வாசித்தார். கணினி அதனைத் திரும்ப வாசித்தபொழுது அவருடைய முகம் மாறிற்று.

“மாஸ்டர், இது என்ரை கைதான். ஆனால் என்ரை பாட்டில்லை” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று, அசைந்தசைந்து நிற்பது. கட்டையோ ஓரிடத்தில் நிற்பது. இக்குறை கணினியால் வந்ததன்று. ஹார்மோனியம் நம் நாட்டுப் பக்கம் வந்த நாள் முதல் இருப்பது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களில் ஒலிக்கவிடாமல் விலக்கி வைத்ததற்கு இக்கமகக் குறையும் ஒரு காரணம். மிடியை வகுத்தவர்கள் மேனாட்டுப் பியானோவை மனத்திற் கொண்டே வகுத்தார்கள். 1991இல் அவர்கள் வெளியிட்ட 128 வாத்தியங்களின் பொதுப்பட்டியலிற் சிதாருக்கு 105ஆம் இலக்கம் உண்டு. வீணைக்கும் நாதசுரத்துக்கும் இடம் இல்லை.

ஆயினும் முற்றாக வழியில்லாமற் போகவில்லை. பல கீபோட்டுகளின் இடப்புறத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதனை உருட்டினால் ஒலிக்கும் சுரம் மேலும் கீழும் வளையும். வழமையாக இரண்டு அரைச்சுரம் மேலும், இரண்டு அரைச்சுரம் கீழும் அது செல்லும். அந்த வளைவை மிடி 16,384 படிகளாகப் பிரித்து எழுதுகின்றது. ஆதலாற் காதுக்குப் படிகள் தெரிவதில்லை. ஆனால் ஒன்று: ஒரு தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் ஒன்றாகவே வளையும். எனவே சட்சமும் பஞ்சமமும் சேர்ந்த சுருதியை வேறொரு தடத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். மிடியில் 16 தடங்கள் உள்ளன, இடத்துக்குக் குறைவில்லை.

எழுபது வயதைக் கடந்த அம்மனிதர் ஒரு கிழமை முழுவதும் இடக்கையாற் சக்கரத்தை உருட்டப் பழகினார். “வீணையிலை தந்தியை இழுக்கிற மாதிரித்தான்” என்று சொல்லிக்கொண்டு பழகினார். காந்தாரம் அசைந்தது. தம் வாய்ப்பாட்டுக்கு அது ஈடாகாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆனால் பாட்டின் உருவம் அகப்பட்டுவிட்டது.

திருத்தக் கூடாத பிழை

இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இம்மென்பொருள்களில், வாசித்த சுரங்களைக் காலக்கட்டங்களுக்குள் நேராக இழுத்துவைக்கும் வசதி ஒன்று உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினால் முந்தியதும் பிந்தியதுமாகிய சுரங்கள் யாவும் போர்வீரர் அணிவகுப்புப் போல் நின்றுவிடும். பயிலும் மாணவர் தம் தாளப்பிழையைக் கண்டறிய இது உதவும். முதலில் உள்ளபடி கேளுங்கள். பின் நேராக்கிக் கேளுங்கள். எங்கே ஓடினீர்கள், எங்கே தங்கினீர்கள் என்பது தெரிந்துவிடும். தெரிந்தபின் பிழையை விரலில் திருத்துங்கள். திரையில் திருத்திவிட்டுத் திறமை வந்துவிட்டதாக எண்ணலாகாது.

பேத்தியும் அன்பின் மிகுதியால், அப்பப்பாவின் தயக்கங்களை நேராக்கிவிடப் பார்த்தாள். நான் தடுத்தேன். “பிள்ளை, அந்த இடத்தில் அவர் ஏன் தாமதிக்கிறார் என்று கேட்டாயா?” என்றேன். அவள் போய்க் கேட்டாள். அவ்வடியைப் பாடும்பொழுது வகுப்புப் பிள்ளைகள் மூச்செடுக்க வேண்டும். அதற்காக ஒரு கணம் காத்திருந்து காத்திருந்து பழகிவிட்டது என்றார் முதியவர். முப்பது ஆண்டு வகுப்பறை அந்த ஒரு கணத்தில் இருந்தது. அதனைப் பேத்தி அப்படியே விட்டுவைத்தாள்.

இப்பொழுது பதினெட்டுப் பாடல்கள் பதிவாகிவிட்டன. ஒவ்வொன்றையும் இருவகையாக வைத்திருக்கின்றார்கள். ஒன்று மிடிக் கோப்பு. மூன்று நிமிடப் பாட்டு, இசைத்தட்டின் தரத்தில் ஓசையாகப் பதிந்தால் 30 மெகாபைட்டுக்கு மேல் இடம் கொள்ளும். மிடியாக எழுதினால் சில ஆயிரம் எழுத்துகள் கொண்ட கடிதத்தின் அளவே ஆகும். கனடாவிலுள்ள மாமனுக்கு எல்லாப் பாடல்களையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். மற்றையது, கைத்தொலைபேசியை அருகில் வைத்து எடுத்த ஓசைப்பதிவு. அதில் முதியவரின் கம்மிய குரலும், நடுவே வரும் இருமலும், “இந்த இடத்திலை கொஞ்சம் பொறு” என்னும் சொல்லும் இருக்கின்றன. மிடியில் விரல் இருக்கின்றது. ஓசைப்பதிவிற் குரல் இருக்கின்றது. ஒன்றிருந்தால் மற்றது வேண்டியதில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரண்டையும் வேறு வேறு இடங்களிற் பிரதிசெய்து வைப்பது மேலும் நன்று.

இன்னும் சில பாடல்கள் எஞ்சியுள்ளன. பல்கலைக்கழகக் கடிதம் வருமுன் அவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று இருவரும் மாலைதோறும் அமர்கின்றார்கள். கடைக்காரர் இருமுறை ஆள் அனுப்பிக் கேட்டாராம். கீபோட் விலைக்கில்லை என்று தந்தையார் சொல்லிவிட்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரியின் மேலும் ஒரு கருவி உறங்கக்கூடும். உங்கள் வீட்டிலும் தாளில் ஏறாத பாட்டுகளை நெஞ்சில் வைத்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்கும் விடுமுறை. சேலையை விலக்கிக் கருவியை இறக்கிவையுங்கள். கம்பியைப் பூட்டும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பெரியவரை அழைத்து வந்து ஒரு கதிரையைப் போட்டு அமர்த்தும் வேலை உங்களுடையது.